நான் கம்பவுண்டரான கதை

உங்க ஹாஸ்டல்ல உங்களுக்கு என்ன பட்டப்பேர் பாஸ்? எனக்கு 'கம்பவுண்டர்'.

படிக்கிறது என்னவோ ஈ.சி.ஈ. மூணாவது வருஷம். எங்க வம்சத்துலயே யாரும் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தது கிடையாது. பிறகு எப்படி இந்தப் பேர்? ஏழு மாசம், வாரம் தவறாம என் ரூம்மேட்டுக்கு ஊசி போட்டவன் நான். சத்து ஊசினு நினைச்சுடாதீங்க... ஸ்டீராய்டு! பின்பக்கம் போட வேண்டிய ஊசி. அவன் கைக்கும் எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. அதனால அந்தப் 'புண்ணிய காரியம்' என் கைக்கு வந்துச்சு.

இதை எழுதலாமானு அவன்கிட்டயே கேட்டேன். "எழுது மச்சி, பேர் மட்டும் போடாத"னான். அதனால அவனோட ஹாஸ்டல் பேரையே வெச்சுக்குவோம். பல்லி.

ஃபர்ஸ்ட் இயர்ல சீனியர்ஸ் வெச்ச பேர் அது. அப்போ அவன் 52 கிலோ. சுவர் ஓரமா நின்னா ஒட்டிக்கிட்டிருக்கிற மாதிரியே இருப்பானாம். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அவன் சிரிச்சது நடிப்புனு எனக்குப் புரிய ரெண்டு வருஷம் ஆச்சு.

பல்லி ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சான். காலேஜுக்கு வெளியே, டயர் கடை மாடியில, தகரக் கூரைக்குக் கீழே ஒரு ஜிம். ஒன்றரை வருஷம் ஒரு நாள் விடலை. மெஸ் சாப்பாடு, நாலு முட்டை, ஊறவெச்ச கொண்டைக்கடலை. இதை வெச்சே 52-ல இருந்து 61 கிலோ. 9 கிலோ பாஸ்! என்னைக் கேட்டா அதுவே சாதனை. ஆனா, அவன் பார்த்தது என்னை இல்லை, ஜிம் கண்ணாடியை. அதுல பக்கத்துல நின்ன அண்ணன்களோட கை, இவன் தொடை சைஸ்ல இருந்துச்சு. "நான் எல்லாம் கரெக்டாதானே மாஸ்டர் பண்றேன்?"னு கேட்டிருக்கான். மாஸ்டர் தோள்ல கை போட்டு, "நீ பண்றது கரெக்ட்தான் தம்பி. ஒரு கோர்ஸ் போட்டா சரியாயிடும்"னாராம்.

கோர்ஸ், சைக்கிள்... பேரைக் கேட்டா ஏதோ கம்ப்யூட்டர் சென்டர் சமாசாரம் மாதிரி இருக்குல்ல? டாக்டர் சீட்டு இல்லாம விற்கவே கூடாத மருந்து. ஜிம் பையில இருந்து பல்பொடி பாக்கெட் மாதிரி வெளியே வந்துச்சு. 12 வாரம் போடணும், அப்புறம் நிறுத்திடணும். இதுதான் ஒப்பந்தம். வீட்டுல 'ப்ராஜெக்ட் செலவு'னு சொன்னான். அவங்க அப்பா ஒரு கேள்விகூடக் கேட்காம பணம் அனுப்பினார்.

முதல் 8 வாரத்துல 8 கிலோ ஏறினான். சட்டை எதுவும் பத்தலை. பல்லினு கூப்பிட்டவங்க 'தல'னு கூப்பிட்டாங்க. நடையே மாறிடுச்சு. சத்தியமா சொல்றேன், நானும் பெருமைப்பட்டேன். "எல்லாம் என் கைராசிடா"னு பீத்திக்கிட்டேன்.

12 வாரம் முடிஞ்சப்போ மாஸ்டர் அடுத்த வசனத்தை எடுத்துவிட்டார். "இப்போ நிறுத்தினா ஏறினது எல்லாம் இறங்கிடும். அப்படியே கன்டினியூ பண்ணு." பண்ணினான். 14-வது வாரம் 73 கிலோ. 20-வது வாரமும் அதே 73!

அன்னிக்கு மெஸ்ல சப்பாத்தியைப் பிய்ச்சுக்கிட்டே சொன்னான். "மச்சி, முள்ளு நகரவே மாட்டேங்குது. இவ்ளோ நாள் ஊசி போட்டும் ஏன் வளர மாட்டேங்குது? நிக்காம வளர என்ன பண்ணணும்? நீதான் எதையும் தேடிப் படிப்பியே, படிச்சுச் சொல்லு."

ஒண்ணு சொல்லிடறேன். நான் படிக்க உட்கார்ந்தது அவனைக் காப்பாத்த இல்லை. அவனை இன்னும் பெருசாக்கத்தான்.

முதல்ல ஒரு கிராஃப் ஷீட் எடுத்தேன். கிடைமட்டமா வாரம், செங்குத்தா எடை. புள்ளிகளை வெச்சுக் கோடு இழுத்ததும் சிரிப்பு வந்துடுச்சு. செகண்ட் இயர் லேப்ல நூறு தடவை வரைஞ்ச அதே கோடு... கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிற கர்வ்! ஆரம்பத்துல ஜிவ்வுனு ஏறும். அப்புறம் மெதுவாகும். கடைசியில படுத்துடும். எவ்ளோ நேரம் கனெக்‌ஷன் கொடுத்து வெச்சாலும் சப்ளை வோல்டேஜுக்கு மேல ஏறாது. சாச்சுரேஷன்!

ஏன் அப்படினு தேடினப்போ கிடைச்சதைச் சொல்றேன்.

1996-ல அமெரிக்காவுல ஒரு பிரபலமான ஆய்வு வெளியாச்சு. 43 ஆண்கள், 10 வாரம். டெஸ்டோஸ்டிரோன் ஊசியோட எக்சர்சைஸும் செஞ்சவங்களுக்கு, கொழுப்பைக் கழிச்சுப் பார்த்தா சராசரி 6.1 கிலோ கூடியிருந்துச்சு. ஊசி மட்டும் போட்டுக்கிட்டு சும்மா இருந்தவங்களுக்கு 3.2. வெறும் எக்சர்சைஸ் செஞ்சவங்களுக்கு 1.9. அதாவது, மருந்து வேலை செய்யும் பாஸ். "அதெல்லாம் வேஸ்ட்"னு பசங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க, ஏன்னா அது பொய். ஆனா, அது 10 வாரக் கணக்கு. அதே வேகத்துல 30 வாரத்துக்கு 18 கிலோனு பெருக்கிப் போடுறதுதான் தப்பு.

மொதல்ல ஏறுற கிலோ எல்லாம் சதை கிடையாது. சில ஸ்டீராய்டுகள் உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கிவைக்கும். 8 வாரத்துல ஏறின 8 கிலோவுல எவ்ளோ தண்ணியோ, அந்த முருகனுக்கே வெளிச்சம்!

அடுத்து, உடம்புல பிரேக் இருக்கு. தசை அளவு மீறி வளராம பார்த்துக்க மயோஸ்டாட்டின்னு ஒரு புரதத்தை உடம்பே தயாரிக்குது. 1997-ல இதைக் கண்டுபிடிச்சாங்க. அந்த ஜீனை எடுத்துட்டுப் பார்த்தா, எலிகளோட தசை ரெண்டு மூணு மடங்கு பெருத்துடுச்சு. பெல்ஜியன் புளூனு ஒரு மாட்டு ரகம், பார்த்தா பாடிபில்டர் மாதிரியே இருக்கும். அதுக்கும் அதே ஜீன்ல கோளாறு. ஊசி போட்டு ஆக்ஸிலேட்டரை மிதிச்சாலும் பிரேக் பிரேக்காவேதான் இருக்கும். இது போக, 73 கிலோ உடம்புக்கு 61 கிலோவுக்குக் கொடுத்த அதே சாப்பாடு, அதே எடை கொடுத்தா அது இருக்கிறதைக் காப்பாத்தவே சரியாப்போயிடும்.

சரி, 'நிக்காம வளர' ஜிம்கள்ல என்ன வழி சொல்றாங்கனு பார்த்தேன். அளவைக் கூட்டு, இன்னொண்ணைச் சேர்த்துப் போடு, கொஞ்சம் இறக்கு, மறுபடி ஏத்து, ஆனா நிறுத்தாத. எல்லா வழியும் கடைசியில போய் நிற்கிற இடம் ஒண்ணுதான்... நிறுத்தாத!

அங்கேதான் எனக்கு உறைச்சது. முதல் 12 வாரம் இவன் ஊசி போட்டது வளர்றதுக்கு. அதுக்கப்புறம் போட்டதெல்லாம் இறங்கிடுமோங்கிற பயத்துக்கு. ஊசி அதேதான். வாங்கின சரக்குதான் வேற.

இன்னொரு கோடும் இருக்கு பாஸ். அதே கிராஃப் ஷீட்ல நான் வரையாம விட்ட கோடு.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு ஃபீட்பேக் லூப் தெரியும். படிக்காதவங்க வீட்டு ஃப்ரிட்ஜை நினைச்சுக்கங்க. உள்ளே சில்லுனு ஆனதும் தானா ஆஃப் ஆகும். ஆணோட உடம்பும் அப்படித்தான். மூளையில இருக்கிற பிட்யூட்டரி, எல்.ஹெச். என்கிற ஹார்மோனை அனுப்பி, 'டெஸ்டோஸ்டிரோன் தயார் பண்ணு'னு விரைகளுக்கு ஆர்டர் போடும். ரத்தத்துல போதுமான அளவு வந்துட்டா ஆர்டரை நிறுத்திடும். வெளியில இருந்து ஊசியில கொட்டினா, மூளை என்ன நினைக்கும்? 'நிறைய ஸ்டாக் இருக்கு'னு ஃபேக்டரிக்குப் பூட்டு போட்டுடும். விரை சுருங்கும், விந்தணு குறையும். இது எவ்ளோ உறுதினா, உலக சுகாதார நிறுவனம் 7 நாடுகள்ல டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாவே சோதிச்சுப் பார்த்திருக்கு. 1990-ல அந்த முடிவு வெளியாச்சு. 'ஆம்பளைத்தனம்' வேணும்னு போட்டுக்கிற ஊசியை, கருத்தடைக்குப் பரிசீலிச்சிருக்காங்க பாஸ்!

பூட்டின ஃபேக்டரி, ஊசியை நிறுத்தின மறுநாளே திறக்காது. பலருக்கு மாசக் கணக்குல ஆகும். 2016-ல டென்மார்க்ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஊசியை நிறுத்தி சராசரியா ரெண்டரை வருஷம் ஆனவங்கள்ல, கால்வாசிப் பேருக்கு மேல டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைவாவே இருந்துச்சு.

இதயக் கணக்கு இன்னும் மோசம். 2017-ல வந்த அமெரிக்க ஆய்வுல எடை தூக்குற 140 ஆண்களை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க. இதயம் தன்கிட்ட இருக்கிற ரத்தத்துல எத்தனை சதவிகிதத்தை ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளுதுங்கிறது ஒரு அளவு. ஸ்டீராய்டு தொடாத 54 பேருக்கு சராசரி 63. எடுத்த 86 பேருக்கு 52. அதோட, வாழ்நாள்ல எடுத்த அளவு கூடக்கூட இதய ரத்தக்குழாய்ல படிவும் கூடியிருந்துச்சு.

கவனிங்க... கூடக்கூட! சதைக் கோடு 14-வது வாரமே படுத்துடுச்சு. இந்தக் கோடு படுக்கலை. வளர்ச்சிக்கு சாச்சுரேஷன் இருக்கு. சேதத்துக்கு இல்லை. நீளமான சைக்கிள்னா இதுதான்.

இதை எல்லாம் பல்லிகிட்ட சொன்னேனா? சொன்னேன். "நீ பயந்தாங்கொள்ளிடா"னு சிரிச்சான். அடுத்த ஞாயித்துக்கிழமை ஊசியை நீட்டினான். நான் போட்டேன். அதுக்கப்புறமும் பத்து வாரம் போட்டேன். இந்தக் கட்டுரையில எனக்கு எழுதக் கஷ்டமான வரி இதுதான். எல்லாம் தெரிஞ்சும் போட்டேன். 'நான் போடலைனா வேற எவனாவது தப்பாப் போட்டுடுவான்'னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

முடிவு கட்டினது ரத்ததான முகாம். காலேஜ்ல என்.எஸ்.எஸ். நடத்தினது. "தல, நீதான் ஃபர்ஸ்ட்"னு பசங்க தள்ளிவிட்டாங்க. பி.பி. பார்த்தாங்க, 160-க்கு 100. விரல்ல குத்திப் பார்த்தாங்க, ஹீமோகுளோபின் 19. ஆண்களுக்கு 13-ல இருந்து 17 இருக்கும். இவனுக்கு ரத்தம் குழம்பு மாதிரி. ஸ்டீராய்டு சிவப்பணுக்களை அள்ளிக் குவிச்சிருந்துச்சு. முகாம் டாக்டர் அவனை ஓரமாக் கூட்டிட்டுப் போய் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ஜிம்ல ஏதாவது ஊசி போடுறியா?"

அவன் அந்த ஃபார்ம்ல 'ஊசி மருந்து எடுப்பதுண்டா?'ங்கிற இடத்துல 'இல்லை'னு டிக் அடிச்சிருந்தான்.

ரெண்டு நாள் கழிச்சு ஹார்மோன் டாக்டர்கிட்ட போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்தார் அந்த மேடம். நல்ல கொழுப்புனு சொல்ற ஹெச்.டி.எல். 40-க்கு மேல இருக்கணும். 16 இருந்துச்சு. எல்.ஹெச். கிட்டத்தட்ட பூஜ்யம். நிமிர்ந்து பார்த்து, "யார் ஊசி போட்டது?"னு கேட்டாங்க. பல்லி தரையைப் பார்த்தான். நான் க்ளாஸ்ல கை தூக்குற மாதிரி கை தூக்கினேன்.

திட்டுவாங்கனு நினைச்சேன். திட்டலை. "ஊசி ஒவ்வொரு தடவையும் புதுசா? மருந்து பாட்டில் ஒருத்தருக்கா, பல பேருக்கா?"னு கேட்டாங்க. ஊசி புதுசு. ஆனா, பாட்டில்? செலவைக் குறைக்க ஜிம்ல இன்னொருத்தனோட பங்கு போட்டிருந்தோம். அவன் எப்படி எடுத்தான், எந்த ஊசியில எடுத்தான்... எங்களுக்குத் தெரியாது. மேடம் ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி டெஸ்ட்டுக்கு எழுதினாங்க.

ரிசல்ட் மறுநாள் சாயங்காலம். அந்த ராத்திரி ரெண்டு பேரும் தூங்கலை. லைட்டை அணைச்சுட்டு அவனவன் கட்டில்ல படுத்திருந்தோம். மூணு மணி இருக்கும். "மச்சி, ஏதாவது இருந்தா அம்மாகிட்ட நீ சொல்றியா?"னான். எனக்கு பதில் வரலை. ஃபார்ம்ல அவன் அடிச்ச அந்த டிக்கும் அப்போதான் ஞாபகம் வந்துச்சு. பி.பி. மட்டும் நார்மலா இருந்திருந்தா, அந்த ரத்தம் யாருக்கோ போயிருக்கும்.

ரிசல்ட் நெகட்டிவ். சில மாசம் கழிச்சு எடுத்த ரெண்டாவது டெஸ்ட்டும் நெகட்டிவ்.

'சுபம்'னு போட்டுடலாம்னு பார்த்தா, அதுக்கப்புறம்தான் கஷ்டமே. ஊசி நின்னுபோச்சு, ஃபேக்டரி திறக்கலை. 74 கிலோ (கடைசிப் பத்து வாரத்துல ஏறின ஒரே ஒரு கிலோ!) மாசா மாசம் இறங்குச்சு. தூக்கம் போச்சு. க்ளாஸுக்கு வரலை. சும்மா உட்கார்ந்திருப்பான், கண்ணுல தண்ணி வரும். ரூம் கண்ணாடி மேல தினத்தாளை ஒட்டி மறைச்சுவெச்சான். ஒரு நாள், "இருந்து என்ன மச்சி ஆகப் போகுது?"னு கேட்டான். அதைச் சாதாரணமா எடுத்துக்கலை. அன்னிக்கே அவங்க அப்பாவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன், ப்ராஜெக்ட் செலவு உள்பட. அவர் ராத்திரி பஸ் பிடிச்சு வந்தார். ரூமுக்குள்ள வந்தவர் ஒரு வார்த்தை கேட்கலை. மகன் கட்டில்ல உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். இந்த மனச்சோர்வும் ஊசியை நிறுத்தினதோட விளைவுதான்னு மேடம் சொன்னாங்க. மாத்திரை, கவுன்சலிங்னு ஆறு மாசம் ஓடிடுச்சு.

இப்போ உங்ககிட்ட வர்றேன் பாஸ். ஊசி போட்டுக்கிறவன் இதைப் படிச்சுட்டுத் திருந்துவான்னு எனக்கு நம்பிக்கை இல்லை. பல்லியே கேட்கலையே! நான் பேசுறது ஊசியைக் கையில பிடிச்சிருக்கிற கம்பவுண்டர்கிட்ட. அவன் கை அவனுக்கு எட்டாது, அதனால உங்க கை தேவைப்படுது. 'முடியாது'னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க. சண்டை வரும். வரட்டும். நான் சொல்லியிருந்தா அவன் நிறுத்தியிருப்பானாங்கிறது வேற விஷயம். நான் சொல்லலை, அதுதான் விஷயம்.

நண்பன் ஏற்கெனவே மாசக் கணக்குல போட்டுக்கிட்டிருந்தா, திடுதிப்புனு நிறுத்திட்டு அவனை ரூம்ல தனியா விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. என்ன மருந்து, எத்தனை வாரம், பாட்டில் பங்கு... எல்லாத்தையும் ஒளிக்காம சொல்லுங்க. டாக்டர் போலீஸ் இல்லை. மனசு உடைஞ்சு பேசினா, அரசாங்கத்தோட டெலி மானஸ் 14416 இருக்கு. எந்த நேரமும் இலவசமா பேசலாம்.

வளரணுமா? அதுக்கும் கணக்கு இருக்கு. 2018-ல 49 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்ததுல, எடைப் பயிற்சி செய்றவங்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு சுமார் 1.6 கிராம் புரதம் போதும், அதுக்கு மேல சாப்பிட்டுப் பெருசா லாபம் இல்லைனு தெரிஞ்சது. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். ஒரு முட்டையில 6 கிராம். மீதியை பருப்பு, கடலை, சோயா, பால், சிக்கன்னு மெஸ்லயே தேத்தலாம். மெதுவாத்தான் ஏறும்.

பல்லி இப்போ 64 கிலோ. டெஸ்டோஸ்டிரோன் இன்னும் முழுசா பழைய அளவுக்கு வரலை, ஆனா ஏறுது. ஏழு மாசம், அப்பா அனுப்பின பணம், அத்தனை ஊசி... கையில நின்னது 3 கிலோ. கொண்டைக்கடலை கொடுத்த 9 கிலோ மட்டும் அவனை விட்டுப் போகவே இல்லை.

போன வாரம் கண்ணாடியில ஒட்டின தினத்தாளைக் கிழிச்சான். மேடம் எக்சர்சைஸுக்கு ஓகே சொல்லிட்டாங்களாம். "வேற ஜிம் சேர்ந்திருக்கேன். பெஞ்ச் அடிக்கும்போது பின்னாடி நிக்க ஆள் வேணும், வர்றியா?"னு கேட்டான். போனேன். கம்பிக்குக் கீழே கையை நீட்டி, தொடாம நிற்கணும். அவனால முடியாதப்போ மட்டும் பிடிக்கணும். அவ்ளோதான் வேலை.

ஹாஸ்டல்ல இன்னும் கம்பவுண்டர்னுதான் கூப்பிடுறாங்க. கூப்பிட்டுட்டுப் போகட்டும் பாஸ்!